வேரோடு பிடுங்கிய கீரை

மலையில் பெரிய வெள்ளம் வந்து பாதைகளையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போனதே, அதற்கு ஐந்தாறு வருஷம் கழித்து நடந்தது இது. அப்போது நானும் என் வீட்டுக்காரரும் போடிமெட்டைத் தாண்டி மேற்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கல்யாணமான மறுவருஷமே மலையேறிவிட்டோம். மகள் அங்கேதான் பிறந்தாள்.

குடியிருப்பு லயத்தில். ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பதினோரு அறைகள். அவற்றுக்கு முதுகு கொடுத்தபடி அந்தப் பக்கம் இன்னொரு பதினோரு அறைகள். அறைக்கு ஒரு குடும்பம், சிலவற்றில் இரண்டு. வாசலை விட்டு இறங்கினால் கழிவுநீர் ஓடுகிற வாய்க்கால். அதைத் தாண்டினால் தேயிலை. ஒரு மிளகாய்ச் செடி ஊன்ற இடம் கிடையாது.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சையாகத்தான் இருக்கும். வாயில் போட ஒரு இலை இருக்காது. தோட்டத்துக் கடையில் அரிசி, பருப்பு, கருவாடு, மிளகாய், புளி கிடைக்கும். காய்கறி என்றால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைதான். போடியிலிருந்து பொதிமாடுகளில் கத்தரிக்காயும் வாழைக்காயும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். கீரை மட்டும் வராது. மூட்டைக்குள்ளேயே அவிந்துபோகும் என்று வியாபாரிகள் அதைத் தொடுவதே இல்லை.

கருவாட்டுக் குழம்பையும் பருப்பையும் தின்று தின்று எனக்குக் கீரைமேல் ஒரு ஏக்கமே வந்துவிட்டது. சொன்னால் சிரிப்பீர்கள். கொழுந்து கிள்ளும்போதெல்லாம், இதைக் கடைந்தால் எப்படி இருக்கும் என்று யோசிப்பேன். ஒருநாள் இரண்டு கொழுந்தை வாயில் போட்டு மென்றும் பார்த்தேன். கசப்புத் தாங்காமல் துப்பிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

மாசி, பங்குனியில் கொழுந்து குறைந்துவிடும். அப்போது பெண்களைக் களை எடுக்க அனுப்புவார்கள். அந்த வருஷமும் அனுப்பினார்கள். ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்குகிறவர் கங்காணி. எங்கள் கங்காணி காலையிலேயே சத்தம் போட்டார்.

"நாளைக்குத் தொரை சுத்திப்பாக்க வர்றார். தேயிலையத் தவிர ஒரு பச்சை நிக்கக் கூடாது. நின்னுச்சு, அம்புட்டுத்தான்!"

என் பங்குக்கு வந்தது லயத்துக்குக் கீழே, குழாய்த் தண்ணீர் வழிந்து இறங்குகிற சரிவு. குனிந்து பிடுங்கிக்கொண்டே போன நான் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். இரண்டு தேயிலை வரிசைக்கு நடுவே முழ அகலத்தில் ஒரு பாத்தி. சுற்றிலும் சுள்ளி ஊன்றி, மண்ணில் அடுப்புச் சாம்பல் தூவியிருந்தது. உள்ளே தண்டங்கீரையும் மணத்தக்காளியும் தளதளவென்று நின்றன.

யாரோ ஆசையாக வைத்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது. களை என்று நினைத்துவிட்டேன் என்று இன்றைக்குச் சொன்னால் அது பொய். கங்காணி மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவர் கண்ணில் அது படவில்லை. பார்க்காத மாதிரி நான் தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் கீரையைப் பார்த்ததும் வாய் ஊறியது. இத்தனை நாளாக யாரோ நமக்குத் தெரியாமல் வளர்த்து ஆக்கித் தின்கிறார்களே என்று எரிச்சலும் வந்தது. அத்தனையையும் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, மடியில் கட்டிக்கொண்டேன். யாராவது கேட்டால் கங்காணி சொன்னார் என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற தைரியம்.

சாயங்காலம் ஆக்கினேன். மகளுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. தட்டை வழித்துத் தின்றுவிட்டு, "இன்னும் வையிம்மா" என்றாள். என் வீட்டுக்காரர், "ஏது கீரை?" என்றார். "களைக்குள்ள கெடந்துச்சு" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

மறுநாள் குழாயடிக்குப் போனபோது ஒரு பெண் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் அறைக்கு முதுகுப்பக்கத்து அறைக்காரர். திருநெல்வேலிப் பக்கத்தவர், முப்பது வயதுக்குமேல் இருக்கும், அதிகம் பேசமாட்டார். அந்த வரிசை முழுக்க வேறொரு கங்காணியின் ஆட்கள் என்பதால் எங்களுக்குள் பழக்கம் குறைவு. எல்லோரும் அவரை மதினி என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடுவேன். அவருடைய குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"மதினி, குடம் நெறஞ்சிருச்சு" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பாத்தி யாருடையது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு நாள் மனசு உறுத்தியது. பிறகு கொழுந்து வந்துவிட்டது, வேலை வந்துவிட்டது; மறந்தும் போனேன்.

ஆடி மாதம் மழை பிடித்துக்கொண்டது. மண் சரிந்து கீழே போகிற பாதை அடைபட்டுவிட்டது. ஒருநாள் வேலை முடிந்து வந்து, பொழுது சாய்கிற நேரத்தில் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, வெளக்க ஏத்தும்மா" என்றாள் மகள்.

விளக்கு அவளுக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்தது.

விளையாடுகிறாள் என்று நினைத்து, "இங்கிட்டு வா" என்று கையை நீட்டினேன். அவள் என் குரல் வந்த பக்கம் நடந்து, என் கையைத் தாண்டிப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். காலையில் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி ஓடி விளையாடினாள். மறுநாள் பொழுது சாய்ந்ததும் திரும்பவும் சுவரைத் தடவினாள்.

தோட்டத்து மருந்துச்சாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே இருந்த கம்பவுண்டர் மலையாளத்துக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். மகளின் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாலைக்கண்ணு. பேடிக்கண்டா" என்றார். பயப்படாதே என்று அர்த்தம். ஆனால் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மீனெண்ண கீழேந்து வரணும். வழி அடஞ்சு கெடக்கு. அதுவரைக்கும் கீரை கொடு, தெனமும் கொடு. விட்டா கண்ணுல வெள்ள விழும். விழுந்தா பின்ன திரும்பாது."

கீரைக்கு எங்கே போவேன்? மழையில் நனைந்துகொண்டே சரிவு சரிவாகத் தேடினேன். காட்டுமேட்டில்கூட ஒரு மணத்தக்காளிச் செடி அகப்படவில்லை. தோட்டத்துக்குள் நாங்களே ஆளாளுக்கு ஒரு பக்கமாகக் களையெடுத்துச் சுத்தமாக வைத்திருந்தோம். குழாய்க்குக் கீழே அந்தப் பாத்தி இருந்த இடத்துக்கும் போய்ப் பார்த்தேன். வெறும் மண். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அழுகைச் சத்தம் கேட்டு வந்தவர் மதினி. "என்னளா, ஏன் அழுத?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிப்போனது. விறுவிறுவென்று என் அறைக்கு வந்து, மகளை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, இரண்டு கண்ணையும் விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"இன்னும் வெள்ளை படியல. நேரம் இருக்கு. எங்கூட வா" என்றார்.

லயத்துக்குப் பின்னால் ஓடையைத் தாண்டி, பாறையும் கல்லுமாகத் தேயிலை வைக்காமல் விட்டிருந்த ஒரு சரிவுக்குக் கூட்டிப்போனார். புதர்களை விலக்கினால் அங்கே ஒரு பாத்தி. மணத்தக்காளி, தண்டங்கீரை, கல்மேல் ஏறிய ஒரு பூசணிக்கொடி. முதலாவது பாத்தி போனபிறகு ஆள் போகாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார். நுனியாகக் கிள்ளிக் கிள்ளி என் முந்தானையில் போட்டார். பூசணியின் இளம் இலைகளையும் பறித்தார்.

"நல்லெண்ணெ ஒரு சொட்டு விட்டு வதக்கி, பருப்புல போட்டு மசிச்சுக் குடு. நாளைக்கு வேலை முடிஞ்சு வா, வேற தாரேன்."

"ஒங்களுக்கு வேணாமா மதினி?"

கிள்ளிக்கொண்டே சொன்னார்: "எம் மகளுக்கும் இப்படித்தான் ஆச்சு. ரெண்டு வருசம் ஆவுது. பொழுது சாஞ்சா தடவுதாளேன்னு நெனச்சோம். கண்ணுல வெள்ளை விழுந்த பொறவுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த மழைக்காலத்துலயே காய்ச்சல் வந்து போயிட்டா. அவளுக்கு வாங்கிக் குடுக்க ஒரு கத்தைக் கீரை இந்த மலையில கெடைக்கல. அதுக்கப்புறந்தான் வெதை கொண்டாந்தேன். இங்கன இருக்க பிள்ளைக யாருக்காச்சும் ஆவட்டும்னு."

நான்தான் பிடுங்கினேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. சொன்னால் கீரை தரமாட்டாரோ என்ற பயமும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

தினமும் கீரை கொடுத்தார். மழையில் நனைந்தபடி எனக்கு முன்னாலேயே போய்க் காத்திருப்பார். ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்து அவரே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்; வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. மடியில் கிடந்த மகள் கையைத் தூக்கி என் மூக்கைத் தொட்டாள்.

"அம்மா, மூக்குத்தி மினுங்குது" என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். அந்த மகள்தான் இன்றைக்கு நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அப்போது விசாரித்தால், எங்கள் லயத்திலேயே இன்னும் நாலு பிள்ளைகள் பொழுது சாய்ந்ததும் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். தாய்மார்கள் வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். மதினியின் பாத்தி எத்தனை பேருக்குக் காணும்? எல்லாப் பெண்களுமாகச் சேர்ந்து அந்தக் கல்சரிவைக் கொத்த ஆரம்பித்தோம். கொத்துகிற சத்தம் கங்காணி காதுக்குப் போய்விட்டது. வந்து பார்த்தார். "யாரைக் கேட்டுக் கொத்துறீக? தொரை பாத்தாருன்னா எஞ்சீட்டுக் கிழிஞ்சிரும். நாளைக்குப் பெரட்டு முடிஞ்சதும் எல்லாத்தையும் புடுங்கி எறியணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரட்டு என்பது காலையில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவது. மறுநாள் தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையும் பெரட்டுக்கு வந்திருந்தார். கங்காணி அவரிடம் ஏதோ சொன்னார். துரை எங்களைப் பார்த்து, தோட்டத்தில் பழகிய தமிழில், "யாரு அங்கே தோட்டம் போட்டது?" என்றார்.

அந்தப் பக்க வரிசையிலிருந்து மதினி ஒரு அடி முன்னால் வந்தார். அவர் வேலை போய்விடும் என்று எனக்குப் பட்டது. எங்கிருந்து தைரியம் வந்ததோ, நான் முந்திக்கொண்டு பேசினேன்.

"தொரை, மொதல்ல ஒரு பாத்தி இருந்துச்சு. களையின்னு நாந்தான் அதப் புடுங்கினேன். அது களையில்ல, கீரை. தெரிஞ்சேதான் புடுங்கினேன். அது இருந்திருந்தா எம் மகளுக்குக் கண்ணு மங்கியிருக்காது. லயத்துல இன்னும் நாலு புள்ளைக பொழுது சாஞ்சா சுவத்தத் தடவுதுக. கம்பவுண்டரையே கேளுங்க. எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்தக் கல்லுமேட்டை மட்டும் விட்டுருங்க."

துரை கம்பவுண்டரை வரச்சொல்லி இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு நேரே அந்தச் சரிவுக்கே வந்து, பூட்ஸ் காலால் கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"இங்கே தேயிலை வராது. கீரை வருமா?"

"வரும்" என்றார் மதினி. அவர் துரையிடம் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

"சரி, போடு. வேலை நேரத்திலே இங்கே யாரும் நிக்கக் கூடாது. தேயிலைக்குள்ளே ஒரு கொடி வந்தாலும் வெட்டிப்போடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர் போனபிறகு மதினியின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவரே பக்கத்தில் வந்தார்.

"நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஒன் வீட்ல இருந்து மணத்தக்காளி வாசம் செவுத்தத் தாண்டி வந்துச்சுல்லா. ஒம் மக 'இன்னும் வையி'ன்னு கேட்டதும் காதுல விழுந்துச்சு. பிள்ளதானே திங்கிதுன்னு இருந்துட்டேன்." சரிந்த பூசணிக்கொடியை எடுத்துக் கல்மேல் விட்டபடி, "ஆனா வேரோட புடுங்கிட்டியே, அதான் வருத்தம். கிள்ளியிருந்தேன்னா மறுபடி தழைச்சிருக்கும்" என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகு அந்தக் கல்மேடு எங்கள் எல்லோருக்கும் பொதுவானது. இரண்டு வரிசைக்காரர்களும் சேர்ந்தோம். இருபத்திரண்டு அறைகளின் அடுப்புச் சாம்பலும் அங்கே போனது. வண்டிமாட்டுக் கொட்டிலிலிருந்து சாணம் சுமந்தோம். ஊருக்குப் போய் வருகிறவர்கள் முடிச்சில் விதை கொண்டுவந்தார்கள். அவரை, பூசணி, வெண்டை, நாலைந்து வகைக் கீரை. குளிருக்கு வெண்டை வரவே இல்லை. அவரைக்கொடி பாறையை மூடிப் படர்ந்தது. என் வீட்டுக்காரர் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கட்டி வேலி போட்டுக் கொடுத்தார். கங்காணியின் மனைவியே ஒருநாள் முந்தானையில் கீரை வாங்கிக்கொண்டு போனார். மதினி வைத்த சட்டம் இரண்டுதான். முதலில் கிள்ளுவது சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு. யாரும் வேரோடு பிடுங்கக் கூடாது. அதைச் சொல்லும்போது என் பக்கம் பார்க்காமல் சொல்வார்.

அடுத்த மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் ஒரு பிள்ளைக்கும் மாலைக்கண் வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில், மதினியின் கங்காணி தன் ஆட்களை வேறு தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. ஏலமலைப் பக்கம் என்றார்கள் சிலர். கப்பலேறிக் கொழும்புக்கு என்றார்கள் சிலர். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை மாதத்தில் மதினி தன் வீட்டுக்கென்று ஒரு பிடி கீரை கிள்ளியதை நான் பார்த்ததே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கருவாடு வாசம்தான் வரும்.

போவதற்குள் அவரைக் கூப்பிட்டு ஒருவேளை சோறு போட வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் செய்யலாம் என்று தள்ளிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கல்மேட்டுக்கு நானே போய், நானே கிள்ளி, பருப்பு போட்டுக் கடைந்து, பொன்னிறமாகப் பூண்டு தாளித்துக் கொட்டினேன். சட்டியை மூடித் துணியில் கட்டிக்கொண்டு லயத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன்.

வரிசையே காலியாகக் கிடந்தது. மழை வருவதற்குள் மலையைத் தாண்டிவிட வேண்டும் என்று கங்காணி விடியும் முன்னேயே எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டாராம். மதினியின் அறைக்கதவு திறந்திருந்தது. அடுப்பைப் பெருக்கி, தரையைச் சாணமிட்டு மெழுகிவிட்டுப் போயிருந்தார். அடுத்து வருகிறவர்களுக்காக. தரை இன்னும் காயவில்லை.

பாதை தெரிகிற மேடு வரைக்கும் சட்டியோடு ஓடினேன். கீழே வளைவில் தலையில் மூட்டைகளோடு ஒரு கூட்டம் போய்க்கொண்டிருந்தது. "மதினீ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரே ஒரு ஆள் நின்று திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. அவர்தானா, வேறு யாரோவா தெரியவில்லை. பனி இறங்கி வளைவை மூடிவிட்டது.

அதற்குப் பிறகு பல வருஷம், போடிமெட்டில் ஏறி இறங்குகிற தோட்டத்து ஆட்களிடமெல்லாம் விசாரித்தேன். "பேரு என்ன?" என்று கேட்பார்கள். அங்கேதான் நான் ஊமையாகிப்போவேன். என் மகளின் கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தவரின் பெயரைக்கூட நான் ஒருநாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மதினி என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள்.

இந்த வயதில் எனக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. அவரை ஒருதடவை உட்காரவைத்து, வயிறு நிறையக் கீரைச்சோறு போட்டு, அவர் சாப்பிடுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அது நடக்காது என்று தெரியும். ஆனாலும் அந்த ஏக்கம் என்னைவிட்டுப் போக வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். பிறர் வைத்த ஒன்றில் கை வைக்கப் போகும்போதெல்லாம், இதை யாருக்காக வைத்தார்களோ என்று என்னை ஒரு கணம் நிறுத்துவது அதுதான்.